ஒலிப்பதிவில் கேட்ட அவசரம்

ஜூன் 3

நான் பயிற்சிச் சிகிச்சையாளராக நடத்திய அமர்வு ஒன்றின் ஒலிப்பதிவை, சிகிச்சைக்கு வந்தவரின் ஒப்புதலுடன், மேற்பார்வையாளரும் நானும் இன்று கேட்டோம். "அதற்குப் பிறகு அம்மாவிடம் நான் பேசவே இல்லை" என்று சொல்லி அவர் நிறுத்துகிறார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நான்கு நொடிகூட ஆகவில்லை, "தூக்கம் எப்படி இருக்கிறது?" என்று என் குரல் குறுக்கிடுகிறது. அந்தக் கேள்வி வாயில் வருவதற்கு முன் உடலில் என்ன நடந்தது என்று மேற்பார்வையாளர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தினமும் இருபது நிமிடம் மூச்சைக் கவனித்து உட்காரச் சொன்னார்.

ஜூன் 5

உட்கார்ந்தேன். கால் மரத்துப்போனது.

ஜூன் 11

இப்படிக் கவனித்து உட்காரும் முறையை வைத்து ஜான் கபாட்-ஜின் என்ற அமெரிக்கர் 1979இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியைத்தான் டீஸ்டேல், சீகல், வில்லியம்ஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் மனச்சோர்வு திரும்பாமல் தடுக்கும் சிகிச்சையாக வளர்த்தெடுத்தார்கள். 2000இல் வெளியான அவர்களது ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வுக்கு ஆளானவர்களிடையே, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 66 விழுக்காட்டினருக்கும் இந்தப் பயிற்சியையும் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. இரண்டு முறை மட்டுமே ஆளானவர்களுக்குப் பலன் தெரியவில்லை. எல்லோருக்கும் இதைப் பரிந்துரைப்பவர்கள் இந்தப் பின்பாதியைச் சொல்வதே இல்லை.

2007இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு என் நிலைக்கு நெருக்கமானது. பயிற்சியில் இருந்த 18 சிகிச்சையாளர்களில் பாதிப்பேர் அமர்வுகளுக்கு முன் ஜென் தியானம் செய்தார்கள். அவர்களிடம் சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேறினார்கள். சிறிய ஆய்வுதான், அதன்மேல் அதிகம் சாய மாட்டேன்.

ஜூன் 18

அதே நபர், அதே இடத்தில் மௌனம். தொண்டைக்குக் கீழே மூச்சு நின்றதையும், விரல்கள் பேனாவை இறுக்கியதையும், கேள்வி ஒன்று எழுந்ததையும் இம்முறை கவனித்தேன். கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து, "அம்மாவின் தொலைபேசி எண்ணை அழுத்தி அழுத்தி வைத்துவிடுவேன்" என்றார்.

ஜூன் 20

அவருக்கும் இப்பயிற்சியைக் கற்றுத்தரலாமா என்று உற்சாகமாகக் கேட்டேன். அதிர்ச்சியான அனுபவம் உள்ளவர்கள் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும்போது பழைய நினைவுகள் பொங்கி எழக்கூடும், முதலில் அதை விசாரியுங்கள் என்ற மேற்பார்வையாளர், சற்று நிறுத்தி, "இப்போது பேனாவை எப்படிப் பிடித்திருக்கிறீர்கள்?" என்றார்.