டர்பன் கோடையில் எங்கள் வீட்டுப் பூந்தோட்டம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மார்கழி என்றால் நடுக்கோடை. வெயிலும் மழையும் மாறி மாறி வரும், புழுக்கம் தாங்காது, ஆனால் செடிகளுக்குக் கொண்டாட்டம். தைப்பூசக் காவடிக்கு வீட்டுப் பூவே போகவேண்டும் என்ற ஆசையில் இந்த முறை துலுக்கச் சாமந்தியில் ஆரம்பித்தேன்.

விதைத்துப் பூக்க 8 முதல் 10 வாரம் ஆகும் என்பதால் நவம்பரிலேயே விதைத்தாயிற்று. நாற்று ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டேன். மனசு வராதுதான், ஆனால் கிள்ளினால்தான் பக்கக் கிளை விட்டுப் புதராகும். எங்கள் செம்மணலில் தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. அதனால் மாட்டெரு போட்டு, மேலே வெட்டிய புல்லைப் பரப்பினேன். தண்ணீர் வேருக்கு மட்டும். பூ நனைந்தே கிடந்தால் அழுகிவிடும்.

இப்போது பாத்தி முழுக்க மஞ்சளும் ஆரஞ்சும். கண் கூசுகிறது!

ஆனால் தோட்டத்துக்கு உயிர் வந்தது வேலியோரம் வைத்த இந்த நாட்டுச் செடிகளால்தான். பிளம்பேகோ, நம் கொடிவேலியின் வெளிர்நீல உறவு. பூவின் புல்லி பிசுபிசுவென்று ஒட்டும்; பேத்தி காதில் ஒட்டித் தோடு போட்டுக்கொள்கிறாள். சின்ன நீலப் பட்டாம்பூச்சிகள் அதன் மொட்டுகளில்தான் முட்டையிடுகின்றன. பக்கத்தில் அகபாந்தஸ், நீண்ட தண்டின்மேல் நீலக் கொத்து. விடிந்ததும் அதில் தேனீக்கள் இரைய ஆரம்பித்துவிடும். செம்பருத்திக்குக் கறுப்புத் தேன்சிட்டு வருகிறது. அது பெரும்பாலும் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நிற்காது, கிளையில் உட்கார்ந்துதான் தேன் குடிக்கும்.

கறிவேப்பிலை மரத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். அதில் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழுக்கள். சின்னதில் பறவை எச்சம் மாதிரியே கிடக்கும், வளர்ந்தால் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும். அக்கம்பக்கத்தில் இதைப் பார்த்ததும் மருந்தடிக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இலை மறுபடி துளிர்க்கும். மருந்தடித்தால் பட்டாம்பூச்சி எங்கிருந்து வரும்? ரசத்துக்குப் போக மீதி அவைகளுக்கு என்று விட்டுவிட்டேன்.

அடுத்ததாக, குளிர்காலத்தில் பூக்கும் கற்றாழை வகைகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன். அப்போதும் தேன்சிட்டுக்குத் தேன் வேண்டுமே. சாமந்தியில் பெரிய பூக்கள் சிலவற்றை மட்டும் பறிக்காமல் விதைக்காகச் செடியிலேயே காயவிட்டிருக்கிறேன்.