ஃபெடரல் கிராண்ட் பணம்: வாங்குவது எளிது, ஃபைல்தான் பெரும்பாடு

டெக்சாஸில் ஒரு நடுத்தரமான பள்ளி மாவட்டத்தின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் நம்மவர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போனால் என் வேலையைக் கேட்டதும் வரும் அடுத்த கேள்வி, "காஸ்ட்கோவில் குறைந்த விலைக்கு இருக்கிற லேப்டாப்பை ஸ்கூல் ஏன் மாதக்கணக்காக இழுத்தடித்து வாங்குது?" என்பதுதான். சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு இதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால், நான் வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மாட்டிக்கொண்ட ஒரு தணிக்கையைப் பற்றி இங்கே எழுதிவிடுகிறேன்.

பள்ளிக்கு வரும் பணம் எல்லாம் ஒரே பணம் இல்லை. உள்ளூர்ச் சொத்து வரியும் மாநிலப் பணமும் ஒரு பக்கம். வாஷிங்டனிலிருந்து மாநிலம் வழியாக வருவது இன்னொரு பக்கம்: ஏழைக் குழந்தைகள் அதிகம் உள்ள பள்ளிகளுக்கு டைட்டில் ஒன், சிறப்புக் கல்விக்கு ஐடிஇஏ, கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகளுக்கு வந்த நிவாரணப் பணமான எஸ்ஸர். எஸ்ஸரில் மூன்றாவது தவணை மட்டும், 2021 மார்ச் சட்டத்தின்படி, நாடு முழுக்க சுமார் 122 பில்லியன் டாலர். 2024 செப்டம்பர் 30-க்குள் அந்தப் பணத்துக்கு ஆர்டரோ ஒப்பந்தமோ போட்டு முடிக்க வேண்டும் என்று கெடு. எங்கள் கணக்குப் புத்தகத்தில் 199 என்றால் பொது நிதி, 211 டைட்டில் ஒன், 224 ஐடிஇஏ, 282 எஸ்ஸர் மூன்று. 199-இல் வாங்கினால் மாநிலச் சட்டம் போதும். மற்ற எண்களில் வாங்கினால் 2 சிஎஃப்ஆர் 200 என்ற ஃபெடரல் விதித்தொகுப்பும் கூடவே வரும், அதில் கொள்முதலுக்கென்று 200.317 முதல் 200.327 வரை ஒரு தனிப் பகுதியே இருக்கிறது. டெக்சாஸ் பள்ளி அலுவலகங்களில் மொத்தத்தையும் சேர்த்து 'எட்கர்' என்றே சொல்லிவிடுவார்கள்.

நான் சேர்ந்தபோது எஸ்ஸர் பணம் வெள்ளமாகச் செலவாகிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அப்போதுதான் மாநிலத்திலிருந்து தணிக்கைக் கடிதம் வந்தது. கணக்கிலிருந்து சில செலவுகளை அவர்களே பொறுக்கி எடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தேவை என்ன, எந்த முறையில் வாங்கினீர்கள், ஏன் அந்த முறை, யார் யாரிடம் விலை கேட்டீர்கள், ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தீர்கள், விலை நியாயம் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேள்விகள். இது அவர்கள் இஷ்டத்துக்குக் கேட்டதில்லை. கொள்முதலின் முழு வரலாறும் ஃபைலில் இருக்க வேண்டும் என்று 200.318-இலேயே எழுதியிருக்கிறது.

முதலில் தேதிகளைப் பார்த்தேன். பில் தேதி ஒன்று, பர்ச்சேஸ் ஆர்டர் தேதி அதற்குப் பத்து நாள் பின்னால். அதாவது பொருள் வந்து, பில்லும் வந்த பிறகுதான் யாரோ அவசர அவசரமாக ஆர்டர் போட்டிருக்கிறார்கள். இதற்கு விளக்கம் எழுதிப் பயனில்லை. அந்த ஒரு செலவை 282-இலிருந்து 199-க்கு மாற்றிவிடலாம் என்று நிதி அதிகாரியிடம் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கியது, ஆனாலும் மாற்றினார்.

அப்புறம் வரம்புகள். அப்போது ஃபெடரல் கணக்கில் 10,000 டாலர் வரை சிறு கொள்முதல். விலை நியாயமாக இருந்தால் போதும், கொட்டேஷன் வேண்டாம், ஆனால் ஒரே கடைக்கே போகாமல் முடிந்தவரை பிரித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் 250,000 வரை போதுமான எண்ணிக்கையில் கொட்டேஷன். அதையும் தாண்டினால் முறையான டெண்டர். மாநிலச் சட்டமோ அப்போது, ஒரே வகைப் பொருளுக்கு 12 மாதத்தில் மொத்தம் 50,000 டாலரை எட்டினாலே முறையான போட்டி வேண்டும் என்றது. இரண்டும் பொருந்தும் இடத்தில் எது கடுமையோ அதைத்தான் பிடிக்க வேண்டும். இதெல்லாம் அட்டவணையாகப் பார்த்தால் சுலபம். ஒரே கடைக்கு ஒரே மாதத்தில் 9,800, 9,650, 9,900 என்று மூன்று ஆர்டர்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும். எங்கள் ஃபைலில் அப்படி ஒன்று இருந்தது. விசாரித்தால் மூன்று வெவ்வேறு பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல், தனித்தனியாகப் போட்டவை. 10,000 வரம்புக்குள் அடக்க வேண்டுமென்றே பிரித்ததில்லை. அதை நிரூபிக்க மூன்று பள்ளிகளின் கோரிக்கை மின்னஞ்சல்களையும் தேடி எடுத்து இணைத்தேன்.

நம்மூர் அலுவலகங்களில் ஒரே கடைக்காரரே மூன்று லெட்டர்ஹெட்டில் மூன்று கொட்டேஷன் கொண்டுவந்து கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் இங்கே கொட்டேஷனில் ஃபோன் நம்பர், முகவரியை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் தானாகவே வந்தது. சக ஊழியர்கள் சிரித்தார்கள்.

எல்லாவற்றிலும் அதிகம் இழுத்தது தொடக்கப் பள்ளிகளுக்கு வாங்கிய ஒரு வாசிப்புப் பயிற்சி மென்பொருள். எண்பதாயிரம் டாலரைத் தாண்டிய செலவு. ஃபைலில் இருந்தது ஒரே ஒரு தாள். கம்பெனி தன் லெட்டர்ஹெட்டில் எழுதியது: இந்தத் திட்டத்தைத் தயாரித்து விற்பவர்கள் நாங்கள் மட்டுமே. கீழே விற்பனை அதிகாரியின் கையெழுத்து. 'சோல் சோர்ஸ் லெட்டர்' என்பார்கள், இங்கே ஒவ்வொரு மென்பொருள் கம்பெனியும் இதைத் தயாராக வைத்திருக்கும், கேட்டால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்.

சரி, அந்தக் கடிதம் பொய்யா என்றால் இல்லை. கம்பெனியின் சரக்கைக் கம்பெனிதான் விற்கும். ஆனால் கேள்வி வேறு: குழந்தைகளுக்கு வாசிப்பில் உதவ இந்த ஒன்றைத் தவிர வேறு எதுவுமே சந்தையில் கிடையாதா? 200.320-இன்படி, சிறு கொள்முதலை விட்டுவிட்டால், போட்டியில்லாமல் வாங்கச் சில காரணங்களே உண்டு. உண்மையிலேயே ஒரே இடத்தில்தான் கிடைக்க வேண்டும், அல்லது தாமதிக்க முடியாத அவசரம், அல்லது பணம் கொடுப்பவர் எழுத்தில் அனுமதி தந்திருக்க வேண்டும், அல்லது விலை கேட்டும் போதிய போட்டி வராமல் போயிருக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், டெக்சாஸ் கல்விச் சட்டத்தின் 44.031-இல் காப்புரிமை உள்ள பொருள்களுக்குத் தனி விலக்கு இருக்கிறது. 199-இல் வாங்கும்போது வருடக்கணக்காக அந்தக் கடிதத்தை வைத்தே ஓட்டியிருக்கிறார்கள். பணத்தின் எண் மாறியபோது கடிதம் மட்டும் மாறவில்லை.

பாடத்திட்டப் பிரிவின் இயக்குநரிடம் போய் உட்கார்ந்தேன். நல்ல அம்மணி, பள்ளியில் முப்பது வருட அனுபவம். "ஏன் இதை வாங்கினீர்கள்?" என்று கேட்டதும் கொஞ்சம் சூடாகிவிட்டார், தன் நேர்மையையே சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். பிறகு தன் கூகுள் டிரைவைத் திறந்தார். உள்ளே பார்த்தால் ஆசிரியர் குழு ஒன்று மூன்று மென்பொருள்களை ஒப்பிட்டு மதிப்பெண் போட்ட தாள்கள், தேதியோடு. மற்ற இரண்டு கம்பெனிகளின் விலை மின்னஞ்சல்கள். மாநிலப் பாடத்திட்டத்தோடு எது எங்கே ஒத்துப்போகவில்லை என்று ஒரு ஆசிரியை எழுதிய குறிப்பு, எழுத்துப்பிழைகளோடு, அருமையான குறிப்பு. செய்ய வேண்டிய வேலையெல்லாம் நடந்திருக்கிறது. அதில் ஒரு தாள்கூடக் கொள்முதல் ஃபைலுக்கு வந்து சேரவில்லை, கம்பெனி கடிதம் மட்டும் வந்திருக்கிறது!

அவற்றை அப்படியே, பழைய தேதிகளோடு, ஒரு எழுத்துகூட மாற்றாமல் அனுப்பினோம். "இப்போது ஒரு விளக்கக் கடிதம் எழுதி அன்றைய தேதி போட்டுவிடலாமே" என்று ஒருவர் யோசனை சொன்னார். பெயர் சொல்லப் போவதில்லை. கோப்பில் குறை இருந்தால் அது ஒரு குறை, தேதியை மாற்றினால் அது மோசடி, வேலை போவதோடு நிற்காது என்று சொல்லி அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்தினேன்.

கூட்டுறவுக் கொள்முதலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே பல பள்ளி மாவட்டங்கள் சேர்ந்த கூட்டமைப்புகள் முன்கூட்டியே டெண்டர் விட்டு வைத்திருக்கும், அந்த ஒப்பந்த எண்ணை ஆர்டரில் போட்டு உறுப்பினரான எந்த மாவட்டமும் வாங்கலாம். ஃபெடரல் விதியும் இதை ஊக்குவிக்கிறது. ஆனால் ஆர்டரில் எண்ணைப் போட்டதும் வேலை முடிந்தது என்ற நினைப்பு எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் இருந்தது. தணிக்கையாளர் கேட்டது: அந்த டெண்டர் விளம்பரம் எங்கே, ஒப்பீட்டுப் பட்டியல் எங்கே, ஃபெடரல் ஒப்பந்தங்களில் இருக்க வேண்டிய ஷரத்துகளில் வெண்டர் கையெழுத்திட்ட படிவம் எங்கே. பெரும்பாலானவை கூட்டமைப்பின் இணையதளத்திலேயே கிடைத்தன. பதிவிறக்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சாம் என்ற ஃபெடரல் அரசுத் தளத்தில், வெண்டர் அரசு ஒப்பந்தங்களிலிருந்து தடைசெய்யப்பட்டவரா என்று பார்ப்பது இன்னொன்று. 25,000 டாலர், அதற்கு மேல் போனால் கட்டாயம். இன்றைக்குத் தேடிப் பிரிண்ட் எடுத்தால், இன்றைக்குத் தடை இல்லை என்றுதான் காட்டும், வாங்கிய அன்று இல்லை என்று காட்டாது. கடைப்பெயரில் தேடியும் பயனில்லை, வெண்டர் தரும் டபிள்யூ-9 வரிப் படிவத்தில் இருக்கும் சட்டப்பெயரில் தேட வேண்டும். ஆனால் வெண்டரிடம் உறுதிமொழி வாங்கியிருந்தாலோ ஒப்பந்தத்தில் அந்த ஷரத்து இருந்தாலோ அதுவும் செல்லும். எங்கள் பழைய ஆர்டர்களின் பின்பக்கம் யாருமே படிக்காத பொடி எழுத்தில் அந்த ஷரத்து இருந்தது. யார் எழுதி வைத்தார்களோ, நன்றாக இருக்கட்டும்.

கடைசியாகப் பொருள்களை நேரில் பார்க்கும் வேலை. அப்போது 5,000 டாலரும் அதற்கு மேலும் உள்ளவை உபகரணம் (2024 அக்டோபரிலிருந்து அது 10,000). சீரியல் எண், எந்தப் பணம், எவ்வளவு சதவீதம், எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்று பதிவு வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது நேரில் சரிபார்க்கவும் வேண்டும். ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாகச் சுற்றினேன். 211 பணத்தில் வாங்கிய தொடுதிரைப் பேனல் ஒன்று, சக்கர ஸ்டாண்டோடு, இருக்க வேண்டிய வகுப்பறையில் இல்லை. ஆசிரியை ஒருவர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போகும்போது கையோடு உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். அந்தப் பள்ளி டைட்டில் ஒன் பள்ளி கிடையாது. பின்பக்க ஸ்டிக்கரின் மேல் பிள்ளைகள் டைனோசர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால் ஸ்கேனர் பிடிக்கவில்லை, நகத்தால் சுரண்டி எண்ணைப் படித்தேன். மறுநாளே பராமரிப்புத் துறையின் வண்டியில் பழைய பள்ளிக்குத் திரும்பிப் போனது. ஆசிரியைக்கு என் மேல் இன்னமும் கோபம்.

முடிவு என்ன ஆச்சு என்றால், மென்பொருள் விஷயத்தில் முறை தவறு என்று குறை எழுதினார்கள், ஆனால் ஒப்பீட்டுத் தாள்கள் இருந்ததால் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கூட்டுறவுக் கொள்முதல் ஃபைல்களுக்கு ஒரு திருத்தத் திட்டம் கேட்டார்கள். இப்போது 199 தவிர வேறு எண்ணில் கோரிக்கை போட்டால், கொட்டேஷனும் காரணமும் சாம் பிரிண்டும் இணைக்காமல் திரை அடுத்த பக்கம் போகாது. தலைமை ஆசிரியர்கள் திட்டுகிறார்கள், பரவாயில்லை. தொடுதிரைகளுக்கான அடுத்த டெண்டரில் ஒரு பள்ளி அனுப்பிய விவரக்குறிப்பு வேர்ட் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால், எழுதியவர் என்ற இடத்தில் ஒரு வெண்டரின் விற்பனையாளர் பெயர்! விவரக்குறிப்பை எழுதிக் கொடுத்தவர் அதே டெண்டரில் போட்டியிட முடியாது என்று 200.319 சொல்கிறது. பிராண்டு பெயரை எடுத்துவிட்டு நாங்களே முதலிலிருந்து எழுதினோம், அவரை அந்த டெண்டரில் சேர்க்கவில்லை.

2025 அக்டோபரில் ஃபெடரல் வரம்புகள் ஏறிவிட்டன. 10,000 இப்போது 15,000, 250,000 இப்போது 350,000. எங்கள் மாவட்டத்தின் கொள்கைக் கையேட்டில் இன்னும் 10,000 என்றுதான் அச்சாகியிருக்கிறது, போர்டு மாற்றும் வரை எங்களுக்கு அதுதான். 12,000 டாலருக்கு பில்லை அனுப்பிவிட்ட ஒரு வெண்டர், "இனிமேல் கொட்டேஷனே வேண்டாமாமே?" என்று ஃபோனில் கேட்டார். ஆர்டர் போடும் முன்னால் பில் அனுப்பாதீர்கள், வேறு இருவரிடமும் விலை கேட்டிருக்கிறேன், உங்களுடைய கொட்டேஷனை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன்.