கோழிக் கழுத்து

"நாய்க்குதானேம்மா? தோலை எடுத்துடட்டுமா?"

சத்துவாச்சாரி கறிக்கடை அண்ணன் இன்று நான் வாயைத் திறக்கும் முன்பே கேட்டுவிட்டார். அரைக் கிலோ கோழிக் கழுத்து வாங்கினேன்.

மணி உடனே கவ்வவில்லை. முகர்ந்தான், நக்கினான். அப்புறம் இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்து, தலையைச் சாய்த்து, கடைவாய்ப் பல்லால் ஒரு கடி. கறுக்கென்று சத்தம். கண் பாதி மூடியிருந்தது. அப்படி ஒரு நிம்மதியை அவன் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

முடித்த கையோடு ஓடிப்போய் பாப்பாவின் கன்னத்தை நக்கப் பார்த்தான்.

பதறிப்போய் இழுத்தேன்.

பச்சைக் கோழியில் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். ஃப்ரீசரில் வைத்தாலும் அது முழுசாகச் சாகாது. நாய் தெம்பாகவே திரியும், வீட்டில் குழந்தையும் பெரியவர்களும் படுத்துவிடுவார்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2012லேயே பச்சைக் கறி வேண்டாம் என்றது. அதிலும் நம் வேலூர் வெயிலில் தட்டில் மிஞ்சிய கறி எத்தனை நேரம் தாங்கும்?

சரி, கழுத்தையே வேகவைக்கலாமா? கூடவே கூடாது. வெந்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் கிழித்துவிடும். பிரியாணி எலும்பை ஆசையாகப் போடுகிறவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள்.

நாளையிலிருந்து எலும்பில்லாத கறி, வேகவைத்து. வெறும் கறியில் கால்சியம் போதாது, அதற்கு டாக்டரிடம் கேட்க வேண்டும்.

மணி இன்னும் காலித் தட்டின் பக்கத்திலேயே படுத்திருக்கிறான்.