முகோ பைன்: பட்டையைப் பார்த்து வாங்குங்கள்

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ், கார்பேத்தியன் மலைகளில் உயர்ந்த மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே புதராகப் படர்வது முகோ பைன் என்னும் குட்டைப் பைன் வகை. ஊசியிலைகள் இரண்டிரண்டாக, 3 முதல் 7 செ.மீ. நீளத்தில், கரும்பச்சையாக இருக்கும். உயர்ந்து வளரும் இன்னொரு பைன் வகையான ஸ்காட்ஸ் பைனோடு குழப்பமா? ஸ்காட்ஸின் மேல்தண்டில் பட்டை செம்மஞ்சளாக உரியும். முகோவில் உச்சிவரை சாம்பல் பழுப்புதான்.

விதையை ஒரு நாள் ஊறவைத்து, ஈரமணலோடு 4 வாரம் ஃப்ரிட்ஜில் வைத்தபின், 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். மண்கலவையில் பாதி மணல் இருக்கட்டும், முழு வெயில் படட்டும். நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்தால் பெரும்பாலும் தேங்கிய ஈரமே காரணம். உரம் போட்டுக் காப்பாற்ற முடியாது.

குட்டையாக வளர்க்க, வசந்தத்தில் மெழுகுவத்திபோல் எழும் தளிரை ஊசிகள் விரியுமுன் விரலால் பாதி கிள்ளுங்கள். இலையற்ற பழங்கிளைவரை வெட்டிவிடாதீர்கள், அங்கே மறுபடி துளிர்க்காது.