பன்னிரண்டாவது வளைவில் நின்ற வண்டி

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. என் மின் ஸ்கூட்டர் பன்னிரண்டாவது வளைவில், திரை 38 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தபோதே நின்றுவிட்டது. பத்து நிமிடம் ஓரமாக நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பியதும் ஒன்றும் நடவாததுபோலக் கிளம்பி, அடுத்த வளைவுக்குள் மறுபடியும் படுத்துக்கொண்டது.

அம்மாபேட்டையில் பேட்டரி பிரித்துப் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். 48 வோல்ட் பெட்டிக்குள் 13 செல் தொகுதிகள் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. அவர் மல்டிமீட்டரை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். பன்னிரண்டு தொகுதிகள் 3.7 வோல்ட்டை ஒட்டியே காட்ட, நடுவில் இருந்த ஒன்று மட்டும் 3.2 காட்டியது. "மத்ததெல்லாம் நல்லாத்தாங்க இருக்குது, இது ஒண்ணுதான் கீழ இழுக்குது" என்றார்.

சதவீதக் கணக்கு மொத்தப் பெட்டியை வைத்துப் போடப்படுவதால், நலிந்த ஒரு தொகுதியின் நிலை அதில் தெரிவதில்லை. மலையேற்றத்தில் மோட்டார் அதிக மின்னோட்டம் கேட்கும்போது, உள்மின்தடை கூடிய அந்தத் தொகுதியின் வோல்ட் சரேலென இறங்குகிறது. அது பாதுகாப்பு எல்லையைத் தொட்டதும், செல்களைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். பலகை முழுப் பெட்டியையும் துண்டித்துவிடுகிறது. சுமை நீங்கினால் வோல்ட் மீள்கிறது. என்னையும் வண்டியையும் சேர்த்து 180 கிலோவை ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் தூக்குவதற்கே அரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும் என்பதால், இந்தக் குறை சமதளத்தில் ஒளிந்திருந்து மலையில் வெளிப்பட்டதில் வியப்பில்லை.

காரணம், பெரும்பாலும் நான்தான். மே மாத வெயிலில் ஓட்டிவந்த சூடு ஆறுமுன்பே தகரக் கூரையின் கீழ் சார்ஜரைச் செருகி, 100 சதவீதத்திலேயே விடிய விடிய விட்டுவைத்தேன். செல் 4.2 வோல்ட்டில் நிறைந்து, சூட்டிலும் கிடந்தால், அதன் எதிர்முனையான கிராஃபைட் மீதுள்ள மெல்லிய படலம் தடித்துக்கொண்டே போய், மின்னேற்றத்தைச் சுமக்கும் லித்தியத்தை விழுங்குகிறது. எலக்ட்ரோலைட் சிதைந்து வாயுவாகிறது. கைப்பேசியின் பின்மூடி புடைப்பது இந்த வாயுவால்தான். பெட்டியின் நடுவிலுள்ள செல்களுக்குச் சூடு வெளியேற வழி குறைவு என்பதால் அவையே முதலில் நலிவடைகின்றன.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மாதக்கணக்கில் பீரோவில் கிடந்து 2 வோல்ட்டுக்கும் கீழே வற்றிய செல்லில், உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்குகிறது. மீண்டும் சார்ஜ் செய்யும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆக்கக்கூடும். அத்தகைய செல்லுக்கு நேரடி மின்சாரம் கொடுத்து "எழுப்பித் தருகிறேன்" என்பவரிடம் நான் கொடுக்கமாட்டேன். உறைநிலைக்குக் கீழான குளிரில் சார்ஜ் செய்வதும் கேடுதான்; ஆனால் அது மார்கழி ஏற்காட்டுக்கும்கூடப் பொருந்தாத கவலை.

புதுத் தொகுதியைப் பழையவற்றோடு சேர்த்தால் கொள்ளளவு ஒத்துவராது என்று சொல்லி, அம்மாபேட்டைக்காரர் ஏறக்குறைய அதே கொள்ளளவுள்ள பழைய செல்களைத் தேடியெடுத்து, நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டினார். இப்போது ஓட்டிவந்து ஒரு மணி நேரம் ஆறவிட்ட பிறகே சார்ஜ் போடுகிறேன். வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது. இருக்கை முழுக்க வேப்பம்பூ விழுகிறது என்று வீட்டில் முணுமுணுக்கிறார்கள்.