வாய்தாவுக்கு இவ்வளவு

ஊட்டியில் நான் ஜூனியராகச் சேர்ந்த காலத்தில் ஃபீஸ் பேசுவது சுலபம். வாய்தாவுக்கு இவ்வளவு, குமாஸ்தாவுக்குத் தனியாகக் கொஞ்சம். ஹைகோர்ட் வழக்கென்றால் கதையே வேறு. நீலகிரிக்காரர்களுக்கு மதுரைக் கிளை கிடையாது, சென்னைதான். மலை இறங்கி, மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய், அன்றைக்குக் கேஸை எடுக்காமலே விட்டாலும் கட்சிக்காரர் காசு கொடுத்தாக வேண்டும். வழக்கு இழுத்தால் வக்கீலுக்குத்தான் லாபம் என்று ஊரில் பேசியதில் பொய்யில்லை.

கொரோனா சமயத்தில் காணொலி விசாரணை பரவலாக வந்தது, இ-ஃபைலிங்கும் கூடவே. கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "நீங்கதான் சென்னைக்கே போகலையே வக்கீலம்மா, அப்புறம் எதுக்கு இவ்வளவு?" கோபம் வந்தது. ஆனால் பயணத்தைக் காட்டிக் காசு வாங்கிப் பழக்கியது நாங்கள்தானே! ராத்திரி உட்கார்ந்து பத்திரக்கட்டைப் படித்ததற்கு எந்த வக்கீல் பில் போட்டார்?

இப்போது வில்லங்கமும் பட்டாவும் இணையத்திலேயே கிடைக்கின்றன. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்து, "பாத்துச் சொல்லுங்க, வாங்கலாமா?" என்கிறார்கள். வில்லங்கத்தில் பதிவான பத்திரங்கள்தான் வரும். பதியாத குடும்பப் பாகப்பிரிவினை அதில் தெரியாது. கூடலூர் நிலமென்றால் இன்னும் சிக்கல்: ஜென்மி என்ற பழைய நிலவுடைமையை ஒழித்த 1969 சட்டத்தில், தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றிய 17ஆம் பிரிவில் மாட்டியதா என்று பழைய கோப்பைப் புரட்டாமல் வாய் திறக்கக் கூடாது. அதனால் எழுத்து மூலமான கருத்துரைக்கு ஒரே தொகை வைத்துவிட்டேன். நோட்டீஸுக்கு ஒன்று, தாக்கலுக்கு ஒன்று, வாதத்துக்கு ஒன்று. வாய்தாவுக்குக் கிடையாது. சீனியர்கள் சிரித்தார்கள். சரி, சிரிக்கட்டும்.

இந்தத் தொகையை வெளியே சொல்லத்தான் வழியில்லை. பார் கவுன்சிலின் 36ஆம் விதி விளம்பரத்தைத் தடுக்கிறது. 2008இல் திருத்தி இணையதளம் வைக்க விட்டார்கள். பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்கு என்று போடலாம். ஃபீஸ் அந்தப் பட்டியலில் இல்லை. 2024 ஜூலையில் இணையச் சேவைத் தளங்கள் வழியாக வக்கீல்கள் ஆள் பிடிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. எனக்கு அதில் முழுச் சம்மதம். வக்கீலுக்கு நட்சத்திரம் போட இது ஓட்டல் இல்லை. வக்கீல் அல்லாதவரோடு வருமானத்தைப் பங்கு போடக் கூடாது என்ற விதியும் இருக்கட்டும். இங்கிலாந்தில் 2007 சட்டத்துக்குப் பிறகு வெளியாட்களே சட்ட நிறுவனம் நடத்த முடிகிறது. நமக்கு அது வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

ஆனால் அதே இங்கிலாந்தில் வீடு வாங்கி விற்பது, இறந்தவர் சொத்தைப் பைசல் செய்வது மாதிரி சில வேலைகளுக்கு ஃபீஸை இணையதளத்தில் போட்டே ஆக வேண்டும் என்று 2018 டிசம்பரில் கொண்டுவந்தார்கள். விலை சொல்வது ஆள் பிடிப்பதாகிவிடுமா? கருத்துரைக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளவே ஒருவர் மஞ்சூரிலிருந்து அரைநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறார். 2008 பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.