அகத்தியர்கூடம் ஏறிய நாட்கள்

ஜனவரி 28

கேரள வனத்துறையின் இணையதளத்தில் அகத்தியர்கூடப் பயணத்துக்கான முன்பதிவு இன்று காலை திறந்தது. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரையறை இருப்பதால் கண்மூடித் திறப்பதற்குள் இடங்கள் தீர்ந்துவிடும் என்று பலர் எச்சரித்திருந்தார்கள். எப்படியோ எனக்கும் என் சித்தி மகளுக்கும் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் இடம் கிடைத்துவிட்டது. மருத்துவச் சான்றிதழ் வேண்டும். பிளாஸ்டிக், மது, பூசைப் பொருட்கள் கூடாது. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. நிபந்தனைகளின் நடுவே, பெண்களுக்கெனத் தனி வசதிகள் எவையும் செய்து தரப்படமாட்டா என்ற பொருளில் ஒரு வரியும் இருக்கிறது. சித்தி மகள் அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தாள். எனக்கோ அதில் குறை சொல்ல எதுவும் தோன்றவில்லை. வராதே என்று சொன்ன காலத்தோடு ஒப்பிட்டால், வந்தால் உன்பாடு என்பது எவ்வளவோ மேல்.

அகத்தியர்கூடம் பொதிகை மலையின் உச்சி. திருநெல்வேலியில் பிறந்தவளுக்குப் பொதிகை புதியதில்லை. தாமிரபரணியைத் தந்த மலை, தமிழுக்கு இலக்கணம் கண்ட முனிவரின் மலை என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் நம் பக்கம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அவ்வழியே உச்சிக்கு ஏற இப்போது அனுமதியில்லை. ஆகவே நம் மலையில் ஏறுவதற்குத் திருவனந்தபுரத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 9, விதுரை

நாளை காலை போனக்காட்டிலிருந்து நடக்க வேண்டும். இரவு தங்கிய இடத்தில் மூட்டையைப் பிரித்து மீண்டும் கட்டியபோது, இந்த வழி பெண்களுக்குத் திறந்த கதையைச் சித்தி மகளுக்குச் சொன்னேன்.

பெண்கள் உச்சிக்குப் போகும் வழியில் உள்ள அதிருமலை முகாமுக்கு அப்பால் போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டை எதிர்த்துக் கேரளப் பெண்கள் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. பாலினத்தைக் காரணம் காட்டி மட்டும் தடுக்க முடியாது என்று 2018 நவம்பர் இறுதியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சபரிமலைத் தீர்ப்பின் சூடு ஆறாத நேரம் அது. அடுத்த ஜனவரியில், திருவனந்தபுரத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளராக இருந்த தன்யா சனல், ஆண்கள் நிறைந்த ஒரு குழுவில் ஒரே பெண்ணாக ஏறி உச்சியை அடைந்தார். அவர் புறப்பட்ட நாளில் இந்த மலைக்காட்டில் வாழும் காணிப் பழங்குடியினர் போனக்காட்டில் திரண்டு பஜனை பாடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனால் வழியை மறிக்கவில்லை.

தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் அகத்தியர் பிரம்மச்சாரி என்பது. அவருக்கு லோபாமுத்திரை என்று ஒரு மனைவி உண்டு என்பதை யாருமே நினைத்துப் பார்க்கவில்லையா என்று எனக்கு இன்றும் வியப்புதான். தவத்திலேயே காலம் கழிக்கும் கணவனிடம், இளமை போய்க்கொண்டிருக்கிறதே என்று அவள் நேருக்கு நேர் வழக்காடும் சூக்தம் ரிக் வேதத்தின் முதல் மண்டலத்திலேயே இருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில் அவரை லோபாமுத்திரையோடு சேர்த்தே வணங்குகிறோம். மலையின் கிழக்கே குடும்பஸ்தராக இருப்பவர் மேற்கே வந்ததும் பிரம்மச்சாரியாகிவிட்டார் போலும்.

பிப்ரவரி 10, அதிருமலை

போனக்காடு கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டம். இடிந்த கட்டடங்களைக் கடந்து வனத்துறை அலுவலகத்தில் பைகளைச் சோதித்தார்கள். பிஸ்கட் உறைகளைக்கூட எண்ணி எழுதிக்கொண்டு, திரும்பும்போது காட்ட வேண்டும் என்றார்கள். பெண்களின் பைகளை ஒரு பெண் ஊழியர் பார்த்தார். நாப்கின்களையும் காகித உறைகளையும் கண்டு, பயன்படுத்தியவற்றைக் கட்டாயம் கீழே கொண்டுவந்துவிட வேண்டும், மேலே புதைத்துவிடக் கூடாது, பன்றிகள் தோண்டிவிடும் என்று கடைக்கணக்குச் சொல்வது போன்ற குரலில் சொன்னார். எத்தனையோ விவாதங்களில் வாய்விட்டுச் சொல்லாமல் மூடி மறைத்த விஷயம் அங்கே காட்டுப் பராமரிப்பின் ஒரு விதியாக, பிஸ்கட் உறைக்கு அடுத்த வரியாக இருந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கரமனையாற்றைக் கடந்து, வாழப்பைந்தியாறு, அட்டையாறு எனப் பெயர்கள் தொடர்ந்தன. ஓடைகள் வருவதால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை; மரநிழல் போய்ப் புல்வெளி வந்த பிறகு வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. ஏழுமடக்கு என்ற ஏற்றத்தில் பேச்சு தானாக நின்றுவிட்டது. எங்களுக்கு வழிகாட்டியாக வந்த காணி அண்ணன் காட்டுத் தடத்தில் வாய் திறக்காமல் போய்க்கொண்டே இருந்தார். ஆனைச் சாணத்தைக் கண்டால் மட்டும் நின்று, காலால் தட்டிப் பார்த்து, பழையது என்றார்.

முகாமைச் சுற்றி யானை வராமலிருக்க அகழி வெட்டியிருக்கிறார்கள். சூடான கஞ்சியும் பயறும் கிடைத்தன. தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம். காற்று கதவை அசைத்துக்கொண்டே இருக்கிறது.

பிப்ரவரி 11, அதிருமலை

காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். பொங்காலைப்பாறை வரை வழி பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். அதன்பின் மரங்கள் காற்றுக்குக் குனிந்து குட்டையாகிவிடுகின்றன; பாறை தொடங்குகிறது. செங்குத்தான இடங்களில் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றைப் பிடித்து ஏறும்போது கையை விடக் காலை நம்ப வேண்டும் என்பதை வழிகாட்டி ஒரே ஒருமுறை சொன்னார், திரும்பச் சொல்லவில்லை. முன்னால் போன ஒரு இளைஞர் முழங்கையால் பாறையைக் கட்டிக்கொண்டு அசைய மறுத்துவிட, சித்தி மகள் கீழே இருந்து அவருடைய காலணியைப் பிடித்து அடுத்த பிளவில் வைத்துவிட்டாள். அவர் நன்றி சொல்லவும் இல்லை, பின்னால் யாரோடும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

1868 மீட்டர் உயரத்தில் அகத்தியர் சிலை இருக்கிறது. பூசைக்கு அனுமதி இல்லாததால் பாறைமேல் காற்றில் தனியாக நிற்கிறார். மேகம் விலகிய நேரத்தில் கிழக்கே நம் பக்கம் அணை நீர் மின்னியது; மேற்கே பேப்பாறை, நெய்யாறு அணைகள் தெரிந்தன. 1850களில் திருவிதாங்கூர் அரசின் வானியலாளர் ஜான் ஆலன் பிரவுன் இதே மலையுச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, காற்றழுத்தமும் காந்தப் புலமும் அளக்க ஆட்களை அமர்த்தியிருந்தார். அந்தக் கருவிகளை மூட்டையாகச் சுமந்து வந்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

இறங்கும்போது வழிகாட்டியிடம், உங்கள் வீட்டுப் பெண்கள் ஏறியிருக்கிறார்களா, அண்ணா என்று கேட்டேன். இல்லை, அக்கா, அவர்கள் ஏறமாட்டார்கள், எங்கள் பாட்டன்மார் சொன்ன முறை அது என்றார். சற்றுப் பொறுத்து, வெளியூர்ப் பெண்கள் வருவதில் தனக்குக் கோபம் இல்லை, ஆனால் தங்களை யாரும் கேட்கவில்லை என்பதே வருத்தம் என்றார். 1987இல் காட்டுக்குள் வந்த ஆய்வாளர்களுக்குக் களைப்பைப் போக்கும் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டியவர்கள் காணி வழிகாட்டிகளே. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது, வருவாயில் காணிகளுக்குப் பங்கும் கொடுத்தார்கள், உலகெங்கும் அதை உதாரணமாகப் பேசினார்கள். அப்படிப்பட்டவர்களிடம்கூட இந்த விஷயத்தில் வாய்வார்த்தைக்கும் கேட்கவில்லை என்பது என் மனத்தில் தைத்தது. ஆயினும் தீர்ப்பு தவறென்று நான் நினைக்கவில்லை. அவர்களைக் கேட்டிருக்க வேண்டும். பெண்களுக்குத் திறந்தும் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 12, போனக்காடு

இறக்கத்தில் முழங்கால் வலி. அலுவலகத்தில் காகித உறைகளையும் பிஸ்கட் உறைகளையும் காட்டினோம். அதே பெண் ஊழியர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டார். பேருந்துக்குக் காத்திருக்கையில் சித்தி மகள் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசி, உச்சியில் மாமா தனியாகத்தான் நிற்கிறார், மாமியைக் காணோம் என்றாள். அடுத்த சீசனில் தானும் வர முடியுமா, மருத்துவர் சான்றிதழ் தருவாரா என்று சித்தி கேட்டிருக்கிறாள். சித்திக்கு அறுபத்தொன்று, இரத்த அழுத்தம் உண்டு. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.